சிற்றூர்ச் சபையின் ஆராதனையை ஆயத்தம்பண்ணும் முறை

ஒரு சேகரத்தின் குருவானவர் பல கிளைச் சபைகளைத் தம் பொறுப்பில் கொண்டு, அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதே அரிதாக இருக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் சிற்றூர்களில், எஞ்சிய ஞாயிறுகளின் ஆராதனையை நடத்தும் பொறுப்பு சபை ஊழியரையும், அவரும் இல்லாத இடங்களில் சபை மூப்பரையும் சார்ந்து நிற்கிறது. பத்துப் பதினைந்து குடும்பங்கள், ஓட்டுக்கூரை வேய்ந்த ஒரு சிறு ஜெபாலயம், சுவரில் ஒரு கடிகாரம், பீடத்தின்மேல் ஒரு வேதாகமம், ஒரு பழைய கீர்த்தனைப் புத்தகக் கட்டு என்னும் இவ்வளவே கைம்முதலாகக் கொண்டு, வாரந்தோறும் தேவ சமுகத்தில் ஜனங்களை நிறுத்தும் இந்த ஊழியருக்கு உதவியாகவே இவ்வதிகாரம் எழுதப்படுகிறது.

இத்தகைய சபைகளில் ஆராதனை சோர்வடைவதற்குக் காரணம் ஆட்கள் குறைவாயிருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஆயிரக்கணக்கானோர் கூடும் கோயிலில், இசைக்கருவிகளோடும் பாடகர் குழுவோடும் ஒலிபெருக்கியோடும் நடைபெறும் ஆராதனையைப் பார்த்து, அதையே முப்பது பேருக்காகச் சுருக்கி நடத்த முற்படுவதே சோர்வுக்கு மூலகாரணம். ஏரிக்குச் செய்த மதகைக் கிணற்றுக்குப் பொருத்த முயல்வதைப் போன்றது இது. சிறு சபை என்பது பெரிய சபையின் குறைந்த பிரதியன்று; அதற்கென்று சில வரங்கள் உண்டு. ஒருவரை ஒருவர் பேர்சொல்லி அறிந்திருத்தல், ஒருவருடைய துக்கம் மற்றவருக்கு மறைவாயிராமை, சிறுவர் முதல் முதியோர் வரை ஒவ்வொருவருக்கும் ஆராதனையில் ஒரு பங்கு கொடுக்க இயலுதல் ஆகிய இவை பெரிய கோயில்களுக்கு எவ்வளவு பொருட்செலவு செய்தாலும் கிட்டாதவை. ஆகையால் ஆராதனையை ஆயத்தம்பண்ணுகிறவர், தம் சபையிடம் இல்லாதவற்றை எண்ணாமல், அதனிடம் இருக்கிறவற்றிலிருந்தே தொடங்கவேண்டும்.

சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அடுத்த ஆண்டில் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்த சபை, ஒரு வீட்டுத் திண்ணையில் அடங்கிவிடத்தக்க சிறு கூட்டமே. 1780-இல் எழுதத் தொடங்கிய பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. குளோரிந்தா அம்மையார் கட்டுவித்து, 1785-இல் சுவார்ட்ஸ் ஐயரால் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிறு கோயிலே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அவ்வளவு சிறிய கூட்டங்களில், பெரும்பாலும் குருப்பட்டம் பெறாத உபதேசியார்களின் தலைமையில் நடந்த ஆராதனைகளிலிருந்துதான் தென்பாண்டி நாட்டுச் சபை முழுவதும் வளர்ந்தது. சிறுமை என்பது நம் சபையின் நோயன்று, அதன் பிறவிக்கோலம் என்பதை ஊழியர் முதலில் தம் மனத்தில் உறுதியாக இருத்திக்கொண்டால், பின்வரும் ஆலோசனைகள் அனைத்தும் எளிதாய் விளங்கும்.

முதலாவது தீர்மானிக்கவேண்டியது நேரம். சேகரத் தலைமைக் கோயிலில் காலை எட்டு மணி என்றிருந்தால் கிளைச் சபையிலும் எட்டு மணியே என்று வைத்துக்கொள்ள எந்த நியமமும் இல்லை. பனைத்தொழில் நடக்கும் ஊர்களில், பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் சீவியாகவேண்டும். ஒரு நாள் விட்டாலும் பதநீர் குன்றிவிடும். ஆகவே பதநீர்க் காலமாகிய கோடை மாதங்களில் மரமேறுவோர் விடியுமுன்னே மரத்தடிக்குப் போய், இறக்கிய பதநீரைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே கோயிலுக்கு வரமுடியும். பெண்களோ அதே வேளையில் அடுப்பின்மேல் பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்துக்கொண்டிருப்பார்கள். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள், பீடி சுற்றி அன்றன்று கணக்கு ஒப்படைக்கிறவர்கள் ஆகியோருடைய நாளும் வேறுவகையாகப் பகுக்கப்பட்டது. இவர்கள் ஆராதனைக்குப் பிந்தி வருவதைப் பக்திக்குறைவு என்று கடிந்துகொள்ளும் ஊழியர், முதலில் வீடுவீடாகச் சென்று எந்த வேளை அவர்களுக்கு ஓய்வான வேளை என்று விசாரித்து, அதன்படி முதல் மணி அடிக்கும் நேரத்தைப் பருவத்திற்கேற்ப மாற்றியமைப்பாராக. ஒருமுறை தீர்மானித்தபின், வந்திருப்போர் ஐந்து பேரேயானாலும் அந்நேரத்தில் தவறாமல் தொடங்கவேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு பேருக்குக் கட்டிய ஆலயத்தில் முப்பது பேர் ஆங்காங்கே சிதறி உட்கார்ந்திருந்தால் பாட்டு ஒன்றுசேராது, ஜெபமும் ஒன்றுசேராது. பாய்களைப் பீடத்தின் முன்னே பிறைவடிவமாக விரித்து, பின்பகுதியை விட்டுவிடுவது நல்லது. பிரசங்க பீடத்தின் உயரத்தில் ஏறிநின்று பேசவேண்டிய அவசியம் இவ்வளவு சிறிய கூட்டத்திற்கு இல்லை. வசனபீடத்தைக் கீழே இறக்கி, ஜனங்களின் கண்ணுக்கு நேராக நின்று பேசுவதே தகும். இன்னார் குடும்பத்துக்கு இன்ன இடம் என்ற வழக்கம் எங்கேனும் இருந்தால், அது எத்தனை பழமையானதாயினும் அதை நீக்கிவிடவேண்டும். ஜாதியின்படி இடம் பிரித்து உட்காருவதை 1833-லேயே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தம் சுற்றறிக்கையால் கண்டித்து விலக்கினார். அதன்பொருட்டுத் தஞ்சாவூர் முதலிய இடங்களில் பெருங்கலகமும் பிரிவினையும் நேர்ந்தன என்பது எல்லாரும் அறிந்ததே. ஆயினும் அந்த வேற்றுமை இன்றளவும் சில இடங்களில் பாய் விரிக்கும் வரிசையிலே மறைந்து வாழ்கிறது. பிறைவடிவத்தில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் என்ற பேதம் குறைந்துபோகிறது என்பதும் அதை நான் விரும்புவதற்கு ஒரு காரணம்.

ஆராதனையின் ஆயத்தம் திங்கட்கிழமையில் தொடங்குகிறது. திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய பொருளும் வேதபாடங்களும் நம் திருச்சபையின் அட்டவணையில் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் திங்கட்கிழமை இரவே நிதானமாக வாசித்து, அவ்வாரம் முழுவதும் தம் வேலைகளுக்கு நடுவில் மனத்தில் சுமந்துகொண்டு திரிகிற ஊழியருக்கு, சனிக்கிழமை இரவு அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்குக் கிடைக்காத தெளிவு கிடைக்கும். அட்டவணையிலுள்ள பாடங்களை விட்டுவிட்டுத் தமக்குப் பிரியமான பகுதிகளையே மாறிமாறி வாசிப்பது கூடாது. வேதத்தின் கடினமான பகுதிகளையும், நம்மை நியாயந்தீர்க்கும் தீர்க்கதரிசன வாக்கியங்களையும், சபை கேட்க விரும்பாத உபமானங்களையும் அவற்றிற்குரிய முறையில் ஜனங்களின் செவியில் சேர்ப்பதற்கு அந்த அட்டவணையே ஒரு காவல். பாடங்களைப் படித்தபின், அந்த ஞாயிற்றின் பொருளை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளவேண்டும். பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி அமையுமானால், எழுத்தறியாத பாட்டியும்கூட வீடு திரும்பும்போது இன்றைக்கு எதைக் கேட்டோம் என்று சொல்லக்கூடியவளாயிருப்பாள்.

அடுத்தது பாட்டு. சிறு சபையின் பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கேதான் பெரிய கோயிலைப் பின்பற்றும் ஆசை அதிகக் கேடு விளைவிக்கிறது. மேனாட்டு இராகங்களில் அமைந்த பாமாலைப் பாட்டுகள் பல, ஆர்கனோடும் நால்வகைக் குரலோடும் பாடுவதற்கென்றே இயற்றப்பட்டவை. அவற்றுள் ஜனங்களின் நாவில் நன்றாய்ப் படிந்துவிட்டவற்றை விட்டு, மற்றவற்றை வாத்தியமில்லாமல் முப்பது பேர் பாடத் தொடங்கினால், மூன்றாம் அடிக்குள் சுருதி இறங்கிப்போய், பாட்டு ஒரு பாரமாகிவிடும். கீர்த்தனைகளின் அமைப்போ முற்றிலும் வேறு. பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்க எல்லாரும் வாங்கிப் பாடுவதும், அநுபல்லவியிலும் சரணங்களிலும் தலைவர் முன்னே செல்ல மற்றவர் பல்லவிக்குத் திரும்பி வருவதும் ஆகிய அந்த முறை, புத்தகமில்லாதவரும் எழுத்தறியாதவரும் முதல் நாளே கூடிப் பாடுவதற்கு ஏற்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்ற பக்தர்கள், நம் நாட்டு இசைமுறையைச் சபையின் சொத்தாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853-இல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டது முதல், அவை எல்லாச் சபைப் பிரிவுகளிலும் பரவின. ஒரு தாளமும், கஞ்சிரா வாசிக்கத் தெரிந்த ஒரு வாலிபனும், சுருதிப்பெட்டி ஒன்றும் இருந்தால் போதும். அவையும் இல்லாவிட்டால் கைத்தாளம் போதும்.

ஒரு ஆராதனைக்கு நான்கு பாட்டுகளுக்கு மேல் வேண்டியதில்லை. தொடக்கத்தில் துதிப்பாட்டு ஒன்று, பாடங்களுக்கு இடையில் ஒன்று, பிரசங்கத்திற்குப் பின் அந்நாளின் பொருளுக்கு ஏற்ற ஒன்று, காணிக்கை வேளையில் அல்லது புறப்படும்போது ஒன்று என வகுத்துக்கொள்ளலாம். இவற்றுள் மூன்று, சபையார் நன்கு அறிந்தவையாக இருத்தல் வேண்டும். புதிதாய்க் கற்பிக்கும் பாட்டு ஒன்றே ஒன்று. அதையும் ஆராதனைக்கு முன் பத்து நிமிஷம் கற்பித்து, தொடர்ந்து நான்கு ஞாயிறுகளில் பாடினால் அது சபைக்குச் சொந்தமாகிவிடும். பாட்டை எடுப்பவர் தம் குரலின் வசதியைப் பாராமல், கூட்டத்தில் பெரும்பாலோராகிய பெண்களின் குரலுக்கும் பிள்ளைகளின் குரலுக்கும் ஏற்ற சுருதியில் எடுக்கவேண்டும். இசைத்தட்டிலோ கைபேசியிலோ பதிவுசெய்த பாட்டை ஓடவிட்டு அதனோடு சேர்ந்து பாடும் வழக்கம் அண்மையில் சில இடங்களில் புகுந்திருக்கிறது. இதை நான் மனமார வெறுக்கிறேன். இயந்திரம் ஜனங்களின் மூச்சுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு முதியவர் மெல்லப் பாடினால் அவரை விட்டுவிட்டு அது போய்விடுகிறது. முப்பது பேர் கூடும் அறையில் ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. அது பாடுகிறவர்களைக் கேட்கிறவர்களாக்கிவிடும். அயலில் வாழும் பிற சமயத்தாரின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் கெடுக்கும்.

வேதபாடம் வாசிப்போருக்கு, வாசிக்கவேண்டிய பகுதியைப் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடவேண்டும். பழைய ஏற்பாட்டு நாமங்களை எப்படி உச்சரிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சனிக்கிழமை மாலை ஒருமுறை வாசிக்கச் செய்து கேட்டுத் திருத்தினால் போதும். சங்கீதத்தை வசனத்துக்கு வசனம் மாற்றி வாசிக்கும் பழைய வழக்கம் சிறு சபைக்கு மிகவும் தக்கது. அதைக் கைவிட்ட இடங்களில் மீண்டும் தொடங்கலாம். வாசிப்பவர் வாலிபராயிருந்தாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாயிருந்தாலும், வீட்டிலிருந்து வெளிவரக் கூச்சப்படும் ஒரு தாயாராயிருந்தாலும், அந்த வாரம் முழுவதும் அவர் அப்பகுதியோடு வாழ்ந்திருப்பார் என்பது இதனால் விளையும் பெரும்பயன்.

பிரசங்கம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷங்களுக்குள் அடங்குவது நலம். ஜனங்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசும்போது, பெரிய மண்டபங்களுக்குரிய உரத்த தொனி செயற்கையாகத் தோன்றும். பழைய உபதேசியார்கள் பிரசங்கத்தின் நடுவே நிறுத்தி, கேட்பவர்களைக் கேள்வி கேட்டு, விடை வாங்கி, அவ்விடையிலிருந்து மேலே செல்வார்கள். இந்த வினாவிடை முறையை நாம் கைவிட்டது நஷ்டமே. ஆயிரம்பேர் நடுவில் அது இயலாது. முப்பது பேர் நடுவில் மிக இயல்பாக அமையும். ஆனால் பரீட்சை வைப்பதுபோலக் கேட்டு, விடை தெரியாதவரைத் தலைகுனியச் செய்யலாகாது. அனுபவத்தைப் பற்றிய கேள்விகளைக் கேட்கவேண்டும்: காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் பேசும்போது, ஆடு மேய்க்கும் அண்ணாச்சியிடம் இராவேளையில் ஆட்டை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டால், அவர் சொல்லும் விடை எந்த வியாக்கியான நூலிலும் அகப்படாததாயிருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: சிறு ஊரில் யாருடைய குற்றமும் மறைவானதன்று, ஆகவே பெயர் சொல்லாமல் ஒருவரைப் பிரசங்கத்தில் குறிப்பாகக் கடிந்துகொண்டாலும் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவரிடம் சொல்லவேண்டியதை அவருடைய வீட்டில் தனியே சொல்லவேண்டுமேயல்லாமல், எதிர்பேச முடியாத இடத்தில் நிறுத்திவைத்துச் சொல்லுவது தகாது.

இனி, சிறு சபையின் ஆராதனையில் இருதயமாக விளங்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். அது மன்றாட்டு ஜெபம். பெரிய கோயிலில் நோயாளிகளுக்காகவும், துக்கப்படுகிறவர்களுக்காகவும், பிரயாணம் செய்கிறவர்களுக்காகவும் என்று பொதுவாகத்தான் ஜெபிக்க முடியும். சிற்றூர்ச் சபையிலோ, நோயாளி என்பது மேலத்தெருவில் மூன்று மாதமாகப் படுத்திருக்கும் தாத்தா. பிரயாணி என்பது திருப்பூருக்கு வேலைக்குப் போன இளைஞன், சவூதிக்குப் போன தகப்பன். துக்கப்படுகிறவள் என்பது சென்ற வாரம் பிள்ளையைப் புதைத்தவள், அவள் இதோ பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெயரும் முகமும் அறிந்து செய்யும் இந்த ஜெபத்தை விட்டுவிட்டு, நம் ஊழியர் பலர் ஜெப புத்தகத்திலுள்ள பொதுவான வாக்கியங்களை விரைவாக வாசித்து முடித்துவிடுவதால், சபை தன்னிடத்திலுள்ள மிகப்பெரிய பொக்கிஷத்தைத் திறவாமலே வைத்திருக்கிறது.

இதற்கு ஆயத்தம் சனிக்கிழமை மாலையில் நடக்கவேண்டும். ஊழியரும் மூப்பர் ஒருவரும் சேர்ந்து நான்கைந்து வீடுகளுக்குச் சென்று, நாளைக்கு உங்களுக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும் என்று கேட்கவேண்டும். கேட்டதைக் குறித்துக்கொள்ளும்போதே, இதைச் சபையில் பெயரோடு சொல்லலாமா என்றும் கேட்டுவிடவேண்டும். இது மிக முக்கியமான நியமம். கடன், குடும்பச் சண்டை, கல்யாணப் பேச்சு முறிந்தது, பெண்பிள்ளையைப் பற்றிய வருத்தம் போன்றவற்றைச் சம்பந்தப்பட்டவர் அனுமதியின்றி ஜெபத்தின் பெயரால் வெளியிடுவது, ஜெபத்தை வம்புப்பேச்சாக்கிவிடும். அப்படி ஒருமுறை நேர்ந்தால், அந்தக் குடும்பம் தன் பாரத்தைச் சபையின் முன் இனி ஒருகாலும் இறக்கிவைக்காது. அவ்விதமான காரியங்களுக்குப் பெயரில்லாமல், சபையில் மனபாரத்தோடு வந்திருக்கும் எல்லாருக்காகவும் என்று சொல்லி, சிறிது நேரம் மௌனமாயிருந்தால் போதும்.

ஜெபத்தின் அமைப்பு எளிதாயிருக்கவேண்டும். நடத்துகிறவர் ஒரு காரியத்தையும் ஒரு பெயரையும் சொல்லி, சற்று நிறுத்தி, பின்பு ஒரு சிறு வேண்டுதலைச் சொல்ல, எல்லாரும் எப்போதும் மாறாத ஒரே சிறு வாக்கியத்தால் மறுமொழி கூறுவது சிறந்தது. அந்த மறுமொழியை ஒரு பருவகாலம் முழுவதும் மாற்றாமல் வைத்திருந்தால், புத்தகம் பார்க்கத் தெரியாதவர்களும் கண்ணை மூடிக்கொண்டே பங்குபெறலாம். நம் நாட்டு ஜெபக்கூட்டங்களில் நடத்துகிறவர்கள் மௌனத்திற்கு அஞ்சி உடனே வார்த்தைகளால் அதை நிரப்பிவிடுகிறார்கள். அதற்கு அஞ்சவேண்டியதில்லை, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் நாலைந்து மூச்சு விடும் நேரம் நிறுத்தினால் ஜனங்கள் சில வாரங்களில் பழகிக்கொள்வார்கள். மேலும், சபையாரைப் பற்றி மட்டும் ஜெபித்துவிட்டு நிறுத்தலாகாது. மழைக்காகவும், ஊர்க் கிணறுகளுக்காகவும், பஞ்சாயத்தாருக்காகவும், நம்மோடு ஒரே தெருவில் வாழும் இந்து, முஸ்லிம் அயலாருக்காகவும், அவர்கள் வீட்டு நோயாளிகளைப் பெயர்சொல்லியும் ஜெபிக்கிற சபை, அந்த ஊருக்கே ஆசாரிய ஊழியம் செய்கிறதாகும்.

குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர் ஒரு வரம்பை நினைவில் வைத்திருக்கவேண்டும். பாவமன்னிப்பைக் கூறுதலும் ஆசீர்வாதத்தைக் கூறுதலும் குருத்துவத்திற்கு உரியவை. ஆதலால் அவற்றைத் தாமே ஜனங்களை நோக்கிக் கூறாமல், எங்களை மன்னியும், எங்களை ஆசீர்வதியும் என்று தம்மையும் உட்படுத்திக்கொண்டு வேண்டுதலாகச் சொல்லவேண்டும். மற்றபடி முறைமையில் எதையும் குறைக்கவேண்டிய அவசியமில்லை.

குருவானவர் வந்து திருவிருந்து நடக்கும் ஞாயிற்றுக்கு முந்தின வாரமே சபையை அதற்கென ஆயத்தப்படுத்தவேண்டும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒன்றுகூடி 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வெளியிட்ட திருவிருந்து முறைமையில், கேரள நாட்டுச் சுரியானிச் சபையின் பழக்கத்தைத் தழுவி, சமாதானத்தைக் கையிலிருந்து கைக்கு வழங்கும் ஒரு செய்கையைச் சேர்த்தது. குருவானவர் பீடத்திலிருந்து கொடுக்கும் சமாதானம், ஒருவர் கைகளிலிருந்து அடுத்தவர் கைகளுக்குச் சபையின் கடைசி வரிசை வரைக்கும் செல்கிறது. பெரிய கோயிலில் இது ஒரு அழகிய சடங்காக நின்றுவிடக்கூடும். பதினைந்து குடும்பங்கள் கூடிய இடத்தில், வாய்க்கால் வரப்புச் சண்டையாலோ சொத்துப் பாகத்தாலோ பேச்சுவார்த்தையின்றி இருக்கிற இரண்டு பங்காளிகள், அந்த வேளையில் ஒருவருக்கொருவர் கை நீட்டவேண்டியவர்களாகிறார்கள். ஆகையால் இந்தச் செய்கையை அவசரமாகக் கடந்துபோகலாகாது; அதே சமயத்தில், மனம் இசையாதவர்களைப் பலவந்தமாய் எதிரெதிரே நிறுத்தவும் கூடாது. திருவிருந்துக்கு முந்தின வாரத்தில் ஊழியர் அவ்விரு வீடுகளுக்கும் தனித்தனியே சென்று பேசுவதே ஆராதனை ஆயத்தத்தின் முதற்பகுதி என்பேன். அப்பமும் திராட்சரசமும் ஆயத்தமாவதற்கு முன் இது நடக்கவேண்டும்.

காணிக்கையைப் பற்றி நம் மூதாட்டிகள் நமக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம் ஒன்று மிக உயர்ந்தது. உலையில் அரிசி போடும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவரும் கைப்பிடியரிசிக் காணிக்கை, ரொக்கப் பணம் கையில் இல்லாத ஏழை வீட்டாரையும் கொடுக்கிறவர்களாக நிமிர்ந்து நிற்கச் செய்தது. இன்று ரேஷன் அரிசியும் கடைப் பணமும் புழங்கும் காலத்தில் அது பல இடங்களில் மங்கிவிட்டாலும், விருப்பமுள்ள வீட்டார் அதைத் தொடரும்படி செய்து, அந்த அரிசியைச் சபையிலுள்ள விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் அன்றைக்கே அளந்து கொடுப்பதாக ஏற்படுத்தினால், காணிக்கை ஆராதனையின் மெய்யான அங்கமாகிவிடும். பையை வரிசையாக நீட்டிக்கொண்டு போவதைவிட, ஜனங்களே எழுந்து வந்து பீடத்தின் முன் வைப்பது நல்லது. ஸ்தோத்திரப் பண்டிகையில் வாழைத்தாரும் முருங்கைக்காயும் கோழியும் கருப்புக்கட்டியும் வந்து குவியும்போது, முதலில் அவற்றின்மேல் ஸ்தோத்திர ஜெபம் செய்து முடித்த பின்னரே ஏலத்தைத் தொடங்கவேண்டும். ஏலத்தின் ஆரவாரம் ஜெபத்தை விழுங்கிவிட இடங்கொடுக்கலாகாது. அசன விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவதும் ஆராதனையின் தொடர்ச்சியே.

பிள்ளைகளை ஆராதனை வேளையில் வெளியே அனுப்பிவிடவேண்டாம். மணியடிப்பது, பாய் விரிப்பது, வேதாகமத்தைப் பீடத்திற்கு ஏந்திவருவது, காணிக்கைத் தட்டைப் பிடிப்பது ஆகியவற்றை முறைவைத்து அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

ஆராதனையின் முடிவில் ஜனங்கள் வெறுமனே கலைந்துபோகாமல், அனுப்பப்பட்டவர்களாகப் போகவேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, எழுத்தறியாத தெலுங்கு நாட்டுச் சிற்றூர் மக்கள் நடுவில் ஊழியம் செய்கையில், ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவியாதிருத்தல் தங்களுக்குக் கேடு என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய கருத்தை வாயினால் அறிக்கை செய்யும்படி ஏற்பாடு செய்தார். கூலிவேலை செய்யும் அந்த எளிய ஜனங்கள் தாங்களே சாட்சிகளானதால்தான் அத்திருமண்டலம் அவ்வளவாக வளர்ந்தது. நம் சபையில் அதே செய்கையை அப்படியே பின்பற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன், இந்த வாரம் நாம் செய்யவேண்டிய ஒரு காரியம் இன்னது என்று ஊழியர் தெளிவாகச் சொல்லவேண்டும்: இன்ன வீட்டு நோயாளியை இன்னார் பார்த்து வருவது, இன்ன பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்திற்கு உதவுவது, ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர்வாரும் வேலைக்கு நம் வீடுகளிலிருந்து ஆள் அனுப்புவது முதலியன. அதை யார் செய்வது என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிடவேண்டும். கோயிலுக்கு வரமுடியாத முதியோரிடம் அன்றைய சங்கீதத்தையும் ஒரு கீர்த்தனையையும் கொண்டுபோய்ப் பாடிவர நான்கைந்து பேரை அனுப்புவதும் இதில் சேர்ந்ததே. அந்த முதியோருக்கு அது அன்றைய ஆராதனையாகவே அமையும்.

இவையெல்லாம் ஒரே நாளில் ஏற்படுத்தத்தக்கவை அல்ல. முதல் மூன்று மாதங்களில் மன்றாட்டு ஜெபத்தை மட்டும் சீர்ப்படுத்தினாலே போதும். அது நிலைபெற்றபின் பாட்டையும், அதன்பின் காணிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றங்களைச் செய்யும்போது மூப்பர்களோடும் பெண்கள் சங்கத்தாரோடும் கலந்து பேசிச் செய்யவேண்டும், கட்டளையாகப் புகுத்தக்கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் பாடிய பாட்டுகள், வாசித்த பாடங்கள், வாசித்தவர் பெயர், ஜெபித்த காரியங்கள், கேட்ட விண்ணப்பத்தில் எது நிறைவேறியது, எது இன்னும் நிற்கிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது பேருதவியாகும். ஒரே பாட்டு மீண்டும் மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ளவும், வாசிக்க வாய்ப்புப் பெறாத வீட்டார் யார் என்று கண்டறியவும் அது பயன்படும். ஆனால் அனுமதியின்றிச் சொல்லக்கூடாத காரியங்களை அதில் எழுதலாகாது. சில ஆண்டுகளுக்கொருமுறை ஊழியர் வேறு சபைக்கு மாற்றப்படும்போது, கோயில் சாவியோடும் தளவாடப் பட்டியலோடும் இந்தக் குறிப்பேட்டையும் அடுத்து வருபவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அதிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்கு அவரைத் தாமே கூட்டிச் சென்று அறிமுகம் செய்துவைத்த பிறகே புறப்படவேண்டும்.